முத்துக்குளித்துறைக்கு ஒரு துறை

1877ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கெல்டிக் மொழிகளுக்கென ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டு, வேல்ஸ் நாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்த ஜான் ரீஸ் அதில் அமர்ந்தார். அதே ஆண்டு, தாமிரபரணிக் கழிமுகத்தில் கடல் பின்வாங்கியதால் உள்நாட்டு ஊர்களாகிப்போன கொற்கையிலும் பழைய காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்ததைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார் ராபர்ட் கால்டுவெல். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தில். படித்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. கெல்டிக் மொழிகளின் உறவை உறுதியாக நிறுவிய காஸ்பர் சாய்ஸின் இலக்கணம் அதற்கு மூன்றாண்டு முன்பு, 1853இல் வந்திருந்தது. எந்த மொழி எந்த மொழிக்கு உறவு, அந்த மொழியைப் பேசியவர்கள் யார் என்ற ஒரே கேள்வி அன்று இரு கரைகளிலும் கேட்கப்பட்டது. ஒரு கரையில் அந்தக் கேள்வி பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்தது. நம் கரையிலோ அது அகழாய்வுக் குழி திறந்திருக்கும் நாட்களில் மட்டும் செய்தியாகிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியது. கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து 2021இல்தான் மீண்டும் அங்கே மண்வெட்டி இறங்கியது.

தூத்துக்குடியில், அல்லது அதற்கு அருகில், முத்துக்குளித்துறையின் மொழியையும் வரலாற்றையும் பண்பாட்டையும் முழுமையாகக் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகத் துறை வேண்டும். அந்தத் துறையின் முதல் வேலை, இந்தக் கரையைப் பற்றிய மூல ஆவணங்கள் எந்தெந்த மொழிகளில் கிடக்கின்றனவோ அந்த மொழிகளை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்க வேண்டும். இதை வெறும் ஊர்ப்பற்றால் சொல்லவில்லை. இதே நிலையில் இருந்த இன்னொரு மக்கள் கூட்டம் இதைச் செய்து காட்டியிருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், வெல்ஷ், பிரெட்டன், கார்னிஷ், மாங்க்ஸ் ஆகிய ஆறும் இன்று கெல்டிக் மொழிகள் எனப்படுகின்றன. ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில் மீன்பிடித்தும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த மக்களின் மொழிகள் இவை. ஆறையும் பேசுவோரைச் சேர்த்து எண்ணினாலும் தமிழ் பேசுவோரில் ஒரு சிறு பங்குக்குத்தான் வரும். ஆனால் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் அபெரிஸ்ட்வித்திலும் டப்ளினிலும், கடல் தாண்டி ஹார்வர்டிலும் டொரன்டோவிலும் இவற்றைப் பட்டப்படிப்பாகப் படிக்கலாம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆன்டிகோனிஷ் என்ற சிற்றூரிலும் கெல்டிக் கல்வித் துறை ஒன்று இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் புனித பிரான்சிஸ் சேவியர். 1542இல் நம் மணப்பாட்டுக் கரையையும் புன்னைக்காயலையும் நடந்து கடந்த அதே சேவியர்தான். கெல்டிக் துறையில் சேரும் மாணவர் பழைய ஐரிஷ் இலக்கணம் படிப்பார். இடைக்காலச் சட்ட நூல்களைப் படிப்பார். கல்லில் கீறிய ஓகம் எழுத்தைப் படிப்பார். கிரேக்கரும் ரோமானியரும் அந்த மக்களைப் பற்றி எழுதிய குறிப்புகளை ஐயத்தோடு படிப்பார். ஊர்ப்பெயர், நாட்டார் கதை, படகுப் பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பார். வரலாறு ஒரு கட்டடத்தில், மொழி ஒரு கட்டடத்தில், தொல்லியல் மூன்றாவது கட்டடத்தில் என்று பிரிந்து கிடக்கும் நம் முறைக்கு இது புதிது.

இந்தக் கல்வி எப்படித் தொடங்கியது என்பதுதான் நமக்கு முக்கியம். ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்துகள் அயர்லாந்தில் இருக்கவில்லை. அவை ஜெர்மனியின் வியூர்ட்ஸ்பர்க்கிலும் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனிலும் இத்தாலியின் மிலானிலும், லத்தீன் ஏடுகளின் ஓரங்களிலும் வரிகளுக்கிடையிலும் ஐரிஷ் துறவிகள் குறித்து வைத்த சிறு உரைகளாகக் கிடந்தன. அவற்றை வாசித்து இலக்கணம் வகுத்த சாய்ஸ் ஒரு பவேரியர். தம் முன்னோரின் மொழியை அயர்லாந்துக்காரர்கள் ஒரு ஜெர்மானியரிடமிருந்து கற்க வேண்டியிருந்தது. அந்த நிலை நீடிக்கவில்லை. 1903இல் குனோ மேயர் என்ற இன்னொரு ஜெர்மானியர் டப்ளினில் ஐரிஷ் கல்விக்கான ஒரு பள்ளியைத் தொடங்கி, உள்ளூர் இளைஞர்களுக்குப் பழைய ஏடுகளைப் படிக்கும் பயிற்சி தந்தார். கார்க் நகரத்தில் பிறந்த ஆஸ்பர்ன் பெர்கின் ஜெர்மனிக்குச் சென்று படித்துத் திரும்பிப் பேராசிரியரானார். 1940இல் அயர்லாந்து அரசு டப்ளினில் உயராய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தபோது, அதன் கெல்டிக் கல்விப் பிரிவுக்கு முதல் இயக்குநர் அவர்தான். உள்ளூர்க்காரர் ஒருவர் தம் நாட்டு ஏட்டைத் தாமே படித்து உலகுக்குச் சொல்லும் நிலைக்கு அவர்கள் நாற்பது ஆண்டுகளுக்குள் வந்துவிட்டார்கள்.

நம் கரையின் கதையும் அப்படியே வெளிநாட்டு ஏடுகளில்தான் கிடக்கிறது. 1554இல் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு வேதபாட நூல், தமிழை ரோமன் எழுத்தில் தந்தது. அதை உருவாக்கியவர்களாக வின்சென்ட் த நசரேத், ஜார்ஜ் கர்வால்யோ, தோமா த குரூஸ் என்ற மூன்று தமிழர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதன் பிரதி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதை ஆக்கிய அன்றிக் அடிகளார், அதாவது என்றிக் என்றீக்கசு, 1540களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து 1600இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்த போர்த்துகீசியர். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586இல் நம் புன்னைக்காயலிலேயே அச்சானது. தாமிரபரணி கடலில் கலக்கும் ஒரு மீனவ ஊரில் பதினாறாம் நூற்றாண்டிலேயே தமிழ் அச்சுக்கூடம் இயங்கியது என்பதை எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

அன்றிக் அடிகளாரின் இன்னொரு படைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமக்குப் பின் வரும் குருக்கள் தமிழ் கற்பதற்காக அவர் போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். நன்னூலையும் தொல்காப்பியத்தையும் போலன்றி அது கரையில் மக்கள் பேசிய தமிழைப் பேசியபடியே பதிவு செய்தது. வினைச்சொற்கள் வாயில் எப்படித் திரிந்தன, எந்த விகுதி எப்படி ஒலித்தது என்பதையெல்லாம் காதால் கேட்டு எழுதிய ஓர் அந்நியரின் குறிப்பு அது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடித் தெருவில் பேசப்பட்ட தமிழைத் தெரிந்துகொள்ள அதைப்போல ஒரு சாட்சி வேறில்லை. அதன் கைப்பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982இல் ஹைடல்பெர்க்கில் ஹான்ஸ் வெர்மேர் அதைப் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் தமிழறிஞர் வி.எஸ். ராஜமும் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டு வெளியீடாக வந்தது. அவர்கள் மூவருக்கும் நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் அந்த இலக்கணத்தில் பதிவான பேச்சுவழக்கில் எது இன்றும் வீரபாண்டியன்பட்டணத்திலும் வேம்பாரிலும் வழங்குகிறது, எது மறைந்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல, அந்த ஊர்களில் பிறந்து போர்த்துகீசியமும் கற்ற ஒருவரால்தான் முடியும். நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தின் பல்கலைக்கழகத் துறைகளிலோ போர்த்துகீசியத்துக்கு இடம் இல்லை. டச்சு மொழிக்கும் இல்லை. சன்னலும் சாவியும் அலமாரியும் மேசையும் போர்த்துகீசியத்திலிருந்து வந்து நம் வீட்டுச் சொற்களாகிவிட்டன. அந்த மொழியில் நம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கத்தான் இங்கே ஆள் இல்லை.

டச்சு ஆவணங்களின் அளவு இதைவிடப் பெரிது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலம் முதல், இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய் வந்தாலும், 1825 வரை இந்த ஊரில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். நம் கரை அவர்களுடைய இலங்கை நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், ஆவணங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கொழும்பிலும் இருக்கின்றன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே டச்சுத் தொகுதி ஒன்று உண்டு. முத்துச் சலாபம் என்பது வெறும் குளிப்பு வேலை இல்லை. மதுரை நாயக்கருக்கு எவ்வளவு, சேதுபதிக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு, பரதவர் சாதித் தலைவருக்கு எத்தனை குளிப்புக் கல், காயல் முஸ்லிம் குளிப்பாளிக்கு என்ன விதி என்று ஒவ்வொன்றும் பேசித் தீர்க்கப்பட்ட ஓர் அரசியல் ஏற்பாடு அது. மார்க்கஸ் விங்க் என்ற வரலாற்றாசிரியர் மதுரை நாயக்கருக்கும் டச்சுக் கம்பெனிக்கும் இருந்த உறவைப் பற்றி 2015இல் வெளியிட்ட நூல், இந்த ஆவணங்களில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்பதற்கு ஒரு மாதிரி. முத்துக்குளிப்பு எப்படி நிர்வகிக்கப்பட்டது என்பதை 1500 முதல் 1925 வரை ஆராய்ந்த சஞ்சய் சுப்பிரமணியத்தின் கட்டுரை இன்னொன்று. தமிழர்களிலும் இந்த மொழிகளைக் கற்றவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினம் டச்சு மூலங்களிலும், எஸ். ஜெயசீல ஸ்டீபன் போர்த்துகீசிய மூலங்களிலும் செய்த வேலைகள் பெரியவை. ஆனால் அவர்கள் தம் தனி முயற்சியால் வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்களை ஆண்டுதோறும் உருவாக்கும் நாற்றங்கால் நம்மிடம் இல்லை.

தனி மனிதர் என்றால் தனிநாயகம் அடிகளை விட்டுவிட முடியாது. தூத்துக்குடி மறைமாவட்டக் குருவான அவர், வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கியவர். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியவர். ஐரோப்பிய மொழிகள் பல தெரிந்திருந்ததால்தான் ஐரோப்பிய நூலகங்களில் மறந்து கிடந்த தமிழ் நூல்களை அவரால் தேடி அறிந்து சொல்ல முடிந்தது. 1679இல் அச்சான புரோயன்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை 1966இல் மறுபதிப்பாகத் தந்தார். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாக இருந்தார். மொழிகள் தெரிந்த ஒரே ஒருவர், தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, இவ்வளவு செய்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர, அவர் பணியாற்றிய ஊரில் ஒரு வகுப்பறைகூட நாம் கட்டவில்லை என்பது என் மனத்தை உறுத்துகிறது.

ஏட்டில் இருப்பது ஒரு பாதி. மறுபாதி ஆட்களிடம் இருக்கிறது, அது கரைந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. அப்போது இருபது வயதில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. சம்மாட்டி என்றால் என்ன பொறுப்பு, பார் என்று சொல்லப்பட்ட சிப்பித் திட்டுகளில் எது எந்தத் திசையில், எந்த ஆழத்தில் இருந்தது, கச்சான் காற்று அடிக்கும்போது தண்ணீர் எப்படிக் கலங்கும், நீவாடு எனும் நீரோட்டம் மாறியதை எப்படி அறிந்தார்கள், சுறா வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடல்கட்டிகளை எவ்வளவு நம்பினார்கள் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல முடியும். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியும் 1922இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதிய அறிக்கைகள் மிக நல்லவை. ஆனாலும் அவை ஓர் அரசு அலுவலரின் கண்ணுக்குத் தெரிந்தவை. குளித்தவர் தம் வாயால் சொன்னது அவற்றில் குறைவு. ஆ. சிவசுப்பிரமணியனின் நாட்டார் ஆய்வுகளும் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களும் இந்தக் கரையின் நினைவில் ஒரு பகுதியைக் காப்பாற்றியிருக்கின்றன. நாவலாசிரியரும் ஓய்வுபெற்ற பேராசிரியரும் மட்டுமே சுமக்க வேண்டிய பாரமா இது?

அயர்லாந்து இதற்கும் வழி காட்டியிருக்கிறது. 1935இல் அங்கே அரசு ஒரு நாட்டார் வழக்காற்று ஆணையத்தை அமைத்தது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்கள் தத்தம் ஊர்ப் பெரியவர்களிடம் கதை, வைத்தியம், கைத்தொழில், ஊர்ப்பெயர்க் காரணம் எல்லாவற்றையும் கேட்டுப் பயிற்சி ஏட்டில் எழுதிக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கங்கள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கின்றன. அந்தத் தொகுப்பு முழுவதையும் யுனெஸ்கோ 2017இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மறுபுறம், மாங்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான நெட் மாட்ரெல் 1974இல் இறந்தார். அவரும் ஒரு மீனவர். 1948இல் அயர்லாந்து ஆணையத்தின் ஆட்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு மான் தீவுக்குப் போய் அவர் பேசியதைப் பதிவு செய்ததால், இன்று அந்த மொழியைக் கற்பவர்களுக்கு அதன் ஒலி தெரிகிறது. அன்று அந்தக் கருவியைப் படகில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. என்ன கேட்க வேண்டும் என்று பயிற்றுவிக்கும் ஆசிரியர் மட்டுமே இல்லை.

இதற்கு எழும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: வேலை கிடைக்குமா? இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அனல் மின் நிலையமும் துறைமுகமும் உப்பளமும் சேர்ந்த இந்த மாவட்டத்தில் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் படிப்பை வேலையோடு சேர்த்து நினைப்பது நியாயம். இத்துறை ஆயிரம் பேருக்கு வேலை தராது. தரும் என்று சொல்வதும் பொய். ஆண்டுக்குப் பதினைந்து பேர் படித்தால் போதும். கெல்டிக் துறைகள் எல்லாமே சிறிய துறைகள்தாம். அந்தப் பதினைந்து பேருக்கு இடம் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிமேலேயே அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் எழுப்பப்பட்டிருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை ஆண்டுதோறும் புதிய இடங்களில் அகழாய்வு செய்கிறது. பானையோட்டையும் இரும்பையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது. அதைப் பற்றிக் கிரேக்க மாலுமி என்ன எழுதினான், அகநானூற்றில் எங்கே வருகிறது, காயலுக்கு வந்து இறங்கிய அரபுக் குதிரையைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் என்ன சொன்னார் என்று விளக்க ஆள் வேண்டும். இவையெல்லாம் தெரிந்தவருக்கு நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் மொழிபெயர்ப்பிலும் பள்ளியிலும் வேலை உண்டு.

இரண்டாவது தடை, தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் ஏற்கெனவே இருக்கின்றனவே என்பது. இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 முதல் இயங்குகிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பல நல்ல ஆய்வாளர்களைத் தந்திருக்கிறது. தூத்துக்குடியில் வ.உ.சி. கல்லூரியும் தூய மரியன்னை கல்லூரியும் முக்கால் நூற்றாண்டாக இருக்கின்றன. 1973இல் இந்தியாவில் முதன்முதலாக வளர்ப்பு முத்தை உருவாக்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையமும், 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரியும் இங்கேயே இருக்கின்றன. முத்துச் சிப்பியின் உயிரியல் தெரிந்தவர் ஒரு வளாகத்தில் இருக்கிறார், முத்துப் பாடல்கள் தெரிந்தவர் இன்னொன்றில் இருக்கிறார், இருவரையும் ஒரே பாடத்திட்டத்தில் உட்காரவைக்க யாரும் இல்லை. சிப்பிப் பார்கள் ஏன் சில பத்தாண்டுகள் நிறைந்தும் சில பத்தாண்டுகள் வெறுமையாகவும் இருந்தன என்ற கேள்விக்கு, டச்சுக் கணக்கேடு, ஹார்னெல் அறிக்கை, சிப்பியின் வாழ்க்கைச் சுழற்சி மூன்றையும் ஒன்றாக வைத்தால்தான் பதில் வரும். அந்தப் பதில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் காக்கும் வேலைக்கும் பயன்படும். புதுத் துறைக்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. நான்கைந்து ஆசிரியர் இடங்களும், கட்டாயமாக ஒரு மூல மொழியும், மூன்றாம் பருவம் முழுவதும் கரையோர ஊர்களில் களப்பணியும் இருந்தால் தொடங்கலாம். மூல மொழி போர்த்துகீசியமாகவோ டச்சாகவோ, காயல்பட்டினத்து அரபுத்தமிழ் ஏடுகளைப் படிக்க உதவும் அரபியாகவோ இருக்கலாம்.

ஆவணங்களைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போகப் பணம் ஏது என்று கேட்கலாம். இருபது ஆண்டுக்கு முன் இது சரியான கேள்வி. இன்று நெதர்லாந்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைக் கணினியே கையெழுத்தைப் படித்து எழுத்தாக்கி இணையத்தில் திறந்து வைக்கும் பணி நடந்திருக்கிறது. ரோமில் ஜோசப் விக்கி பதிப்பித்த இயேசு சபைக் கடிதங்கள் 18 தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன; நம் கரையிலிருந்து போன கடிதங்கள் அவற்றில் நிறைய. தடை இப்போது தூரத்தில் இல்லை, மொழியில்தான். இங்கே உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு வலிமையும் உண்டு. போர்த்துகீசியக் கடிதங்களில் ‘பட்டங்கட்டிம்’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். லிஸ்பன் மாணவர் அதற்கு அகராதி தேட வேண்டும். பரதவர் ஊர்த் தலைவரைக் குறிக்கும் பட்டங்கட்டி என்ற சொல், வீட்டுப் பெரியவர் வாயில் அதைக் கேட்டிருக்கும் மணப்பாட்டுப் பிள்ளைக்கு ஒரு பார்வையில் விளங்கும். கணினி எழுத்தாக்கிய பக்கங்களில் இப்படி உருமாறிக் கிடக்கும் ஊர்ப்பெயர், காற்றின் பெயர், படகின் பெயர் எத்தனை! அவற்றை அடையாளம் காட்ட உலகமே இந்தக் கரையிலிருந்து ஓர் ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது எதிர்ப்புதான் கடினமானது. இப்படி ஒரு துறை வந்தால் அது சாதிப் பெருமைக்கும் மதப் பெருமைக்கும் மேடையாகிவிடாதா? பரதவர் வரலாறு என்று ஒரு தரப்பும், காயல் முஸ்லிம் வரலாறு என்று இன்னொரு தரப்பும், கொற்கைப் பாண்டியன் என்று மூன்றாம் தரப்பும் அவரவர் கொடியை ஏற்றிவிடமாட்டார்களா? இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் கெல்டிக் கல்வியின் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. கெல்ட் என்ற பெயரே நமக்குக் கிரேக்கர் எழுத்தின் வழியாக வந்த பெயர். 1707இல் எட்வர்ட் லூய்ட் என்ற வெல்ஷ் அறிஞர் மொழிகளின் ஒப்புமையைக் காட்டிய பிறகுதான் அயர்லாந்தும் வேல்ஸும் ஸ்காட்லாந்து மேட்டுநிலமும் ஒரே மரபாக எண்ணப்பட்டன. அந்தப் பெருமைக் கதையை 1992இல் மானிடவியலாளர் மால்கம் சாப்மனும் 1999இல் தொல்லியலாளர் சைமன் ஜேம்ஸும் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். பழங்காலத் தீவு மக்கள் தங்களைக் கெல்டுகள் என்று அழைத்துக்கொண்டதற்குச் சான்று இல்லை என்றார்கள். அந்த வாதத்தால் கெல்டிக் துறைகள் மூடப்படவில்லை. அந்த வாதம் பாடமாக்கப்பட்டது. தன் பெயரையே சந்தேகிக்க ஒரு துறை தன் மாணவருக்குக் கற்றுத்தருகிறது என்றால், பெருமைப் பேச்சுக்கு அதைவிட நல்ல மருந்து ஏது? நம் கரையின் வரலாறு இப்போதே பெருமைப் பேச்சாகத்தான் வாட்ஸ்அப்பிலும் திருவிழா மலர்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1530களில் பரதவர் மதம் மாறியது ஏன் என்பதற்கு ஒருவர் பக்தி என்பார், ஒருவர் அரசியல் என்பார், ஒருவர் முத்துக்குளிப்பு உரிமைப் போட்டி என்பார். மூல ஆவணத்தை மேசைமேல் விரித்து மூவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் இடம் பல்கலைக்கழகம்தான்.

அந்நியர் எழுதியதை எப்படி நம்புவது என்ற ஐயத்துக்கும் இங்கேயே பதில் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ‘எரித்ரேயக் கடற்பயணம்’ என்ற கிரேக்க நூல், கொற்கையில் தண்டிக்கப்பட்ட குற்றவாளிகள் முத்துக்குளித்தார்கள் என்கிறது. நம் சங்கப் பாடல்கள் காட்டும் கொற்கையில் அப்படி ஒரு செய்தி இல்லை. இரண்டில் எது சரி? அல்லது, வெவ்வேறு காலங்களில் இரண்டுமே சரியா? கிரேக்க வரியை மூலத்தில் படிக்கத் தெரியாதவரும் கொற்கை மண்ணைத் தோண்டியறியாதவரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதியதும், டச்சு அதிகாரி லாபக் கணக்கோடு எழுதியதும் அப்படித்தான். அந்நியர் எழுத்தை ஒதுக்கிவிட்டால் அவர்களுடைய தவறுகளைத் திருத்தும் உரிமையையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம்.

பணம் இல்லை என்ற சொல்லை மட்டும் தமிழர் சொல்லக் கூடாது. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. டொரன்டோவிலும் தமிழ் இருக்கை வந்துவிட்டது. நல்ல காரியங்கள், குறை சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் எடின்பரோ கெல்டிக் இருக்கைக்காக ஜான் ஸ்டுவர்ட் பிளாக்கி என்ற கிரேக்கப் பேராசிரியர் ஊர் ஊராகப் போய்ச் சுமார் 12,000 பவுண்டு சேர்த்தார். 1882இல் அந்த இருக்கையில் முதலில் அமர்ந்த டொனால்ட் மக்கின்னன், கேலிக் பேசும் ஒரு சிறு தீவில் பிறந்தவர். இருக்கை தலைநகரத்தில் அமைந்தது, அறிவு தீவிலிருந்து வந்தது. ஏழை நாடாக இருந்த அயர்லாந்து, உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940இல் கெல்டிக் கல்வியையும் கோட்பாட்டு இயற்பியலையும் ஒரே நிறுவனத்தின் முதல் இரண்டு பிரிவுகளாகத் தொடங்கியது. இயற்பியல் பக்கத்தில் ஸ்ரோடிங்கர் இருந்தார். ஹார்வர்டுக்குக் கொடுத்ததில் ஒரு பங்கை வைத்தே தூத்துக்குடியில் ஐந்து ஆசிரியர்களைப் பல ஆண்டுகள் அமர்த்தலாம். வ.உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கும் துறைமுகமும், இந்த ஊரில் தொழில் செய்து வளர்ந்த நிறுவனங்களும், கொழும்பிலும் வளைகுடாவிலும் வாழும் இந்தக் கரையின் மக்களும் கைகோத்தால் அரசின் பங்கு இன்னும் குறையும்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் உயர்கல்வித் துறையும் வரும் கல்வியாண்டுக்குள் ஒரு பாடத்திட்டக் குழுவை அமைக்க வேண்டும். அதில் மொழியறிஞரும் தொல்லியலாளரும் கடல் உயிரியலாளரும் இருப்பதோடு, 1961 சலாபத்தில் குளித்த ஒருவரும் உறுப்பினராக அமர வேண்டும். முதல் வகுப்பை எடுக்க அவரை அழையுங்கள். அவர் இருக்கும்போதே அழையுங்கள்.